ரிசெப்ஷனில் கோபத்தோடு வரும் விருந்தினரைக் கையாள்வது எப்படி: திருகோணமலை ஹோட்டல்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

சீசன் தொடங்கும்போது நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். ஆங்கிலம் கதைப்பார்கள், கம்ப்யூட்டர் தெரியும், முகத்தில் சிரிப்பு இருக்கும். முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டு, கண் கலங்கி ஸ்டோர் ரூமுக்குள் போய் நிற்பார்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால், அவர்கள் சொன்ன வார்த்தைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வரிசைதான் பிசகியிருக்கும். ஆள் சொல்லி முடிக்குமுன் விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். அறையைப் பார்க்குமுன் வாக்குக் கொடுத்திருப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

1. டியூட்டி தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முந்தின ஷிஃப்ட்காரர் பையைத் தூக்குமுன் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அறையில் என்ன பழுது? யார் ஏற்கெனவே குறை சொன்னவர்? யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். காலையில் ஒருவர் "பின்னேரம் வேற ரூம் தாறம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். பின்னேரம் அந்த விருந்தினர் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது நீங்கள் முழித்தால், காலையில் அரைவாசியாக இருந்த கோபம் அந்த இடத்திலேயே முழுதாகிவிடும்.

அடுத்தது, காலியான அறைகள். கம்ப்யூட்டரில் "ரெடி" என்று இருப்பதை நம்பாமல் ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவரைக் கேளுங்கள், முடிந்தால் நடந்து போய்ப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கக்கூடிய நல்ல அறை எத்தனை இருக்கிறது என்பது தெரிந்தால்தான் பிறகு பேச்சில் உறுதி வரும்.

மூன்றாவது, உங்கள் அதிகார எல்லை. யாரையும் கேட்காமல் நீங்களாக என்ன கொடுக்கலாம்? தேத்தண்ணீர், ஜூஸ், ஒரு மணித்தியாலம் பிந்திய செக்அவுட், அதே வகையில் வேறு அறை, ஒரு வேளைச் சாப்பாடு: இதில் எதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது என்று மனேஜரிடம் முதல் நாளே கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் போன் எடுத்து "சேர், குடுக்கலாமா?" என்று கேட்டால், விருந்தினர் உங்களோடு கதைப்பதை விட்டுவிட்டு "உங்கட மனேஜரைக் கூப்பிடுங்க" என்பார். அவர் மேல் பிழை இல்லை. முடிவெடுக்க முடியாதவரோடு யார்தான் கதைப்பார்கள்?

கடைசியாக, கவுண்டருக்கு உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டிய இலக்கங்கள்: சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் அவசர அழைப்பு 119, சுற்றுலா அதிகார சபையின் உதவி இலக்கம் 1912. அதோடு எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் பார்ப்பவர், நம்பிக்கையான வான்காரர், பக்கத்து இரண்டு ஹோட்டல்களின் ரிசெப்ஷன். சத்தம் போடும் ஒருவரின் முன்னால் நின்று போனில் பெயர் தேடுவதைப் போலக் கை நடுங்கும் வேலை வேறில்லை.

2. நேரத்துக்கு முன் வருபவர்கள்

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் விடியற்காலையில் இறங்கி, ஓட்டோ பிடித்து நேரே உங்களிடம்தான் வருவார்கள். செக்இன் பகல் 2 மணிக்கு. அவர்களோ இரவு முழுக்கச் சரியாக நித்திரை கொள்ளாதவர்கள். புதியவர் செய்யும் முதல் பிழை, வாயைத் திறந்தவுடன் "செக்இன் ரெண்டு மணிக்கு" என்பது. விதி சரிதான். ஆனால் எட்டு மணித்தியாலம் லொபியில் உட்காரப் போகிறோம் என்றுதான் அவர் காதில் விழும்.

முதலில் உட்கார வையுங்கள். பையை வாங்கி வையுங்கள். தேத்தண்ணீர் வரட்டும். பிறகு, குளித்து உடை மாற்ற இடம் எங்கே, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அறை கிடைக்கக்கூடிய ஆக முந்தின நேரம் எது என்ற மூன்றையும் சொல்லுங்கள். 2 மணிக் கதையை அதற்குப் பிறகு சொன்னால் அது வெறும் தகவலாகப் போய்விடும். அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ வாங்கிப் பதிவையும் அப்போதே முடித்துவிடுங்கள். பிறகு திறப்பைக் கொடுப்பது மட்டும்தான் மிச்சம்.

3. சொல்லி முடிக்க விடுங்கள்

ஆடி மாதத்து இரவு எட்டரை மணி. பகல் முழுக்கக் கச்சான் காற்று அடித்து, சுவர் இன்னும் சுடுகிறது. (கொழும்பு ஆட்களிடம் கச்சான் என்று சொன்னால் சிலர் வறுத்த கடலை என்று நினைப்பார்கள். மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று என்று சொல்லுங்கள்.) காரில் வந்த ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். அப்பா கவுண்டருக்கு வருகிறார்.

"தம்பி, என்ன ரூம் இது? ஏசியைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஆச்சு, ஒரு குளிரும் இல்லை. பிள்ளைகள் வேர்த்து அழுகுதுகள்."

"சேர், வெளியில சரியான வெக்கை, அதுதான்..."

"அப்ப வெக்கைக்கோ நான் காசு கட்டினது?"

தம்பி சொன்னது உண்மை. அந்த நேரத்தில் அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை. கோபத்தோடு வருபவர் வழியிலேயே மனதுக்குள் நாலு வசனம் தயார் செய்துகொண்டுதான் வருகிறார். அந்த நாலும் வெளியே வரும்வரை உங்கள் வசனம் எதுவும் உள்ளே போகாது. பெரும்பாலும் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியவை. உட்கார்ந்திருந்தால் எழும்புங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுங்கள். பேனாவை எடுத்து அறை இலக்கத்தையும் குறையையும் அவர் கண் முன்னால் எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்ததும் பலரின் சத்தம் ஒரு படி இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். தன் சொல் எங்கோ பதிகிறது என்று தெரிகிறதல்லவா. லொபியில் வேறு ஆட்கள் இருந்தால், "வாங்க அண்ணா, இங்கால இருந்து கதைப்பம்" என்று பக்கத்துக்கு அழையுங்கள். சுற்றி ஆட்கள் இருந்தால் கோபக்காரருக்கு இறங்கி வருவது வெட்கம்.

முடித்ததும் அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள். "ஏசி போட்டு ஒரு மணித்தியாலமா குளிரேல்லை, பிள்ளைகளுக்கு நித்திரையும் இல்லை. சரிதானே அண்ணா?" அவர் "ஓம்" என்று சொல்லட்டும். அந்த ஒரு "ஓம்" வந்த பிறகுதான் உங்கள் முறை.

மொழி பற்றி ஒரு சொல். சிங்களத்தில் ஏசுபவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லாதீர்கள், திமிர் என்று எடுத்துக்கொள்வார். உடைந்த சிங்களமானாலும் பரவாயில்லை, "பொட்டக் இன்ன, மாத்தயா" (கொஞ்சம் பொறுங்கள், ஐயா) என்று தொடங்குங்கள். ஓடவில்லை என்றால் நன்றாகச் சிங்களம் கதைக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள், நீங்கள் விலகிப் போக வேண்டாம். முறைப் பெயரிலும் கவனம் வேண்டும். நம் ஊர்க் குடும்பத்துக்கு அண்ணா, அக்கா, அம்மா சரியாக இருக்கும். கொழும்பிலிருந்து அலுவலக விஷயமாக வந்தவர் சேர், மேடம் என்பதைத்தான் எதிர்பார்ப்பார். முப்பது வயதுப் பெண்ணை "அன்ரி" என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பையன் ஒருவனும் எங்களிடம் இருந்தான்.

"ஸாரி" ஒரு தரம் போதும். பத்துத் தரம் சொல்லும் ஸாரிக்குப் பின்னால் வேலை ஒன்றும் நடக்கவில்லை என்று விருந்தினருக்கு நன்றாகத் தெரியும்.

4. போய்ப் பாருங்கள்

ரூம் போயை அனுப்பாமல், முடிந்தவரை நீங்களே போங்கள். கவுண்டரில் ஆள் இல்லை என்றால் ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். ஒன்று, அறையில் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, நடந்து போகும் அந்த மூன்று நிமிடத்தில் விருந்தினரின் மூச்சு ஒரு நிலைக்கு வரும்.

ஏசி என்றால் பார்க்க வேண்டிய வரிசை இது. ரிமோட் கூல் முறையில் இருக்கிறதா, வெறும் ஃபேனில் இருக்கிறதா? பல்கனிக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கிறதா? வெளி யூனிட் ஓடுகிறதா? ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? கச்சான் அடிக்கும் மாதங்களில் புழுதி அதிகம், கடற்கரை என்பதால் உப்பும் சேரும். சீசன் தொடக்கத்தில் கழுவிய ஃபில்டர் நடுவில் மறுபடி அடைத்திருக்கும்.

ரிமோட்தான் காரணம் என்று தெரிந்தால் உங்கள் முகத்தில் சிரிப்பு வரக்கூடாது. "இந்த ரிமோட் எங்களையும் சுத்த விடும்" என்று சொல்லி மாற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் போன் எடுத்துக் கேளுங்கள். பிழை தன்னுடையது என்று தெரிந்த விருந்தினர் வெட்கத்தில் இருப்பார். அந்த வெட்கத்தைத் தொட்டால் அடுத்த குறை உடனே வரும், இந்த முறை தலையணையைப் பற்றி.

தண்ணீர் உப்புக்கரிக்கிறது என்ற குறைக்கு வேறு வழி. கடலோரக் கிணற்று நீர் அப்படித்தான் இருக்கும், அதைத் திருத்த உங்களால் முடியாது. ஆனால் குடிக்கவும் பல் துலக்கவும் நல்ல தண்ணீர்ப் போத்தல் இரண்டு கையோடு கொண்டு போக முடியும். திருத்த முடியாத குறைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

5. இரண்டு தெரிவும் ஒரு நேரமும்

பார்த்தாகிவிட்டது. இப்போது முதல் தடவையாக வாக்குக் கொடுக்கிறீர்கள். "இப்ப பாக்கிறம்", "உடனே செய்யிறம்" என்பவை வாக்கு ஆகாது. மணி சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் 20 நிமிடத்தில் வருவார் என்று தெரிந்தால் 40 நிமிடம் என்று சொல்லுங்கள். 25ஆவது நிமிடம் அவர் வந்தால் விருந்தினர் நன்றி சொல்வார். 20 என்று சொல்லி 25இல் வந்தால் அதே ஆள் இன்னொரு தரம் கவுண்டருக்கு வருவார்.

தெரிவு இரண்டு போதும். "அண்ணா, 9 மணிக்குள்ள எலக்ட்ரீஷியன் வந்து பாப்பார், அதுவரைக்கும் ஒரு ஃபேன் கொண்டு வாறன். இல்லாட்டி கீழ ஒரு ரூம் குளிரா இருக்கு, கடல் தெரியாது, இப்பவே மாறலாம். எது வசதி?" இந்தக் கேள்வியோடு சண்டை முடிந்து, தெரிவு செய்யும் வேலை தொடங்குகிறது. மூன்று தெரிவு கொடுத்தால் குழப்பம் வரும். ஒன்று மட்டும் கொடுத்தால் தலையில் கட்டுவது போல இருக்கும். குறையுள்ள தெரிவின் குறையை, மேலே "கடல் தெரியாது" என்றது போல, நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் வருடம், வேறொரு இடத்தில் வேலை. தேனிலவுக்கு வந்த ஒரு சோடி, கேட்ட கடல் பார்த்த அறை கிடைக்கவில்லை என்று முகம் வாடி நின்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில கட்டாயம் மாத்தித் தாறன்" என்று சொல்லிவிட்டேன், பட்டியலைப் பார்க்காமல். பார்த்தபோது அந்த அறைகள் நாலு நாளைக்கு நிரம்பியிருந்தன. மறுநாள் காலை அவர்கள் கட்டிய பைகளோடு லொபியில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் என்னை ஏசவில்லை, பைகளைப் பார்த்தபடியே நின்றாள். ஏசியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதை நினைவில் இருந்திருக்காது.

6. காசுத் தகராறு

செக்அவுட் சண்டையில் முக்கால்வாசி, பில்லை முதல் நாள் இரவே காட்டாததால் வருவது. பை கட்டி, வான் வாசலில் நிற்க, பிள்ளை அழும் நேரத்தில் ஒருவர் தன் பில்லை முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்து, "ஒருக்கா பாருங்க, பிழை இருந்தா இப்பவே திருத்துவம்" என்று சொல்லுங்கள்.

வரி பற்றிக் கேட்டால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 10 வீதமும் வாட் வரியும் தனியாகப் போடும் ஹோட்டல் என்றால், கணக்கைக் கடதாசியில் எழுதியே காட்டுங்கள். அறை 20,000 ரூபாய். சேவைக் கட்டணத்தோடு 22,000. அதன் மேல் வாட் 18 வீதம் சேர்ந்து 25,960. வாட் 18 வீதமானது 2024 ஜனவரியிலிருந்து. முந்தி வந்து போனவர்கள் பழைய கணக்கை மனதில் வைத்துக் கேட்பார்கள். "அது வரி சேர்" என்று மட்டும் சொன்னால் ஏமாற்றுகிறீர்கள் போலவே கேட்கும். புக்கிங் எடுக்கும்போதே "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்லிவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

இணையத்தில் புக் பண்ணியவர் காசைத் திருப்பிக் கேட்டால், எதையும் சொல்லுமுன் ஒன்றைப் பாருங்கள்: காசு அந்தத் தளத்துக்குக் கட்டப்பட்டதா, ஹோட்டலுக்கா? தளத்துக்குப் போன காசை நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. அவர் தளத்தில்தான் கேட்க வேண்டும், ஹோட்டல் சம்மதிக்கிறதா இல்லையா என்று மனேஜர் அங்கே பதில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லி அனுப்பிவிடாமல், உங்கள் கவுண்டரில் வைத்தே அவர் அந்தக் கோரிக்கையை அனுப்பும்வரை கூட இருங்கள். "எங்களுக்குத் தெரியாது, அவங்களைக் கேளுங்க" என்பதுதான் ஆகக் கெட்ட பதில்.

நம் ஊருக்கே உரிய தகராறு ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தவர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்று தெரிந்ததும் சூடாகிறார். "நான் பிறந்தது உவர்மலையில. எனக்கே வெளிநாட்டு விலையோ?" இதில் காசு பாதி, மிச்சப் பாதி வேறு. சொந்த ஊரில் ஒருவன் தன்னை வெளியாள் என்கிறானே என்ற நோவு. விதியைத் தூக்கிக் காட்டுமுன், "ஓ, உவர்மலையோ, எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். உண்மையாகவே கேளுங்கள். பிறகு உங்கள் ஹோட்டல் எதை ஏற்கும் என்று சொல்லுங்கள்: இலங்கை அடையாள அட்டை இருந்தால் சரியா, இரட்டைக் குடியுரிமைக்கு என்ன விலை என்பதை மனேஜரிடம் சீசனுக்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லலாம். ஊரை ஒத்துக்கொண்ட பிறகு சொல்லும் "முடியாது" அவ்வளவு சுடாது.

7. சைவச் சாப்பாடு

கோணேசர் கோயிலுக்கு வரும் குடும்பங்களில் ஒரு வயதான அம்மா இருப்பார். இரவுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி நேரே உங்களிடம் வருவார். "பிள்ளை, இந்தப் பருப்புக் கறிக்குள்ள மீன் கரண்டியைப் போட்டவையோ?"

தெரியாவிட்டால் "இல்லை அம்மா" என்று சொல்லாதீர்கள். சமையலறைக்குப் போய்க் கேளுங்கள். மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கும் அதே அடுப்பில், அதே கரண்டியில் என்றால் அதையே சொல்லிவிட்டு, புதிதாகக் கழுவிய சட்டியில் சோறும் ஒரு கறியும் 30 நிமிடத்தில் செய்து தரலாமா என்று கேளுங்கள். விரதத்தில் இருப்பவரிடம் சொல்லும் சின்னப் பொய் பிறகு தெரிய வந்தால் எந்த இலவச அறையாலும் ஆற்ற முடியாது. செக்இன் நேரத்திலேயே "சைவமா, மச்சமா?" என்று கேட்டு எழுதும் பழக்கம் இருந்தால் இது வராது. நான் பதிவுத் தாளில் அதற்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

8. கடலும் வானமும் உங்கள் பொறுப்பில் விழும்போது

புறாத்தீவுக்குப் போக ஆசைப்பட்டு வந்தவர், கடல் கொந்தளிப்பால் படகு இல்லை என்றதும் கோபிப்பது உங்களிடம்தான். புதியவர் இரண்டு இடத்தில் வழுக்குவார். ஒன்று, முதல் நாள் "நாளைக்குக் கட்டாயம் போகலாம்" என்பது. "காலையில கடலைப் பார்த்துத்தான் படகுக்காரர் சொல்லுவார்" என்று சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது, விலையை ஒன்றாகச் சொல்வது. படகுக் காசு வேறு, தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கட்டும் டிக்கெட் வேறு. டிக்கெட் விலை உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. படகுக் காசை மட்டும் சொல்லி அனுப்பினால், திரும்பி வந்து உங்களைத்தான் கள்ளன் என்பார்.

மாரி காலத்தில் மலிவு விலைக்கு வருபவர்களுக்கு, புக்கிங் எடுக்கும்போதே கடல் குளிக்கும் நிலையில் இருக்காது என்று வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னதை ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். படகு இல்லாத நாளுக்கு மாற்றாக கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள் என்று ஒரு பாதி நாள் திட்டமும் வான் விலையும் கவுண்டரில் தயாராக இருக்கட்டும்.

9. குடி, சத்தம், எல்லை மீறல்

இதுவரை சொன்னது எல்லாம் குறை இருக்கும் விருந்தினருக்கு. குடித்துவிட்டு வருபவரிடமோ கெட்ட வார்த்தை பேசுபவரிடமோ இந்த வரிசை ஓடாது.

போயா (பௌர்ணமி) தினத்தில் மது விற்க முடியாது. சட்டம் அது. "எனக்கு மட்டும் ஒரு பியர்" என்பவரிடம் வாதம் வேண்டாம், "இண்டைக்கு முழு இலங்கையிலயும் இல்லை சேர், நாளைக்கு முதல் போத்தல் உங்களுக்குத்தான்" என்று சிரித்து முடியுங்கள். போயா நாளை அறையில் சின்ன அட்டையில் முன்கூட்டியே எழுதி வைப்பது இன்னும் நல்லது.

இரவுச் சத்தம் பற்றி வேறொருவர் முறையிட்டால், முறையிட்டவரின் அறை இலக்கத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். "ஹோட்டல் நேரம் முடிஞ்சுது" என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள். குடித்த ஆட்களின் அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போய், கதவுக்கு வெளியே நின்று, இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். உள்ளே அழைத்தாலும் போக வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். "தங்கச்சி, எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்பவருக்குப் பணிவாகப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "உங்கட ரூம் விஷயமா வேற ஏதும் உதவி வேணுமா?" என்று ஒரு தரம் கேளுங்கள். மறுபடி அதே பேச்சு என்றால் உள்ளே போய் ஆண் ஊழியர் ஒருவரையோ செக்யூரிட்டியையோ கவுண்டருக்கு அனுப்புங்கள். கையைப் பிடித்தால், மிரட்டினால், பொருளை உடைத்தால் மனேஜருக்கும் 119க்கும் அழைப்பு போக வேண்டும். "விருந்தினர் மனம் நோகும்" என்று இதை மூடி மறைக்கச் சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும்.

10. எழுதி வைப்பதும் திரும்பக் கேட்பதும்

கவுண்டரில் ஒரு கொப்பி இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதும் வசதி இருந்தாலும் கொப்பி வேண்டும். கரண்ட் போன இரவில்தான் குறைகள் அதிகம் வரும். நேரம், அறை, குறை, பார்த்தது, கொடுத்த வாக்கு, மிச்சம் இருப்பது: இவ்வளவுதான். உங்கள் கருத்தை எழுதாதீர்கள். "சரியான திமிர் பிடிச்ச ஆள்" என்று ஒருவன் எழுதி வைத்ததை அந்த ஆளே கவுண்டரில் நின்று வாசித்த நாளும் உண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது என்று எழுதியவன் நம்பியிருந்தான்.

திரும்பக் கேட்பது மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில். கூட்டத்துக்குள் சத்தமாகக் கேட்க வேண்டாம். மேசைக்குப் பக்கத்தில் போய், "ராத்திரி ஏசி பிறகு சரியா ஓடினதா அண்ணா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் புதியவர்களுக்குப் பயம். அடங்கின நெருப்பை ஏன் கிளற வேண்டும் என்று நினைக்கிறார்கள். அடங்காவிட்டால் அது இணையத்தில் போய் எரியும், அங்கே உங்களால் ஃபேன் கொண்டு போக முடியாது.

மேலே சொன்ன குடும்பத்துக்கு நாங்கள் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது:

"இரவு 8.35. அறை 12. ஏசி குளிரவில்லை. போய்ப் பார்த்தேன், ஃபில்டர் அடைப்பு. ஃபேன் கொடுத்தது 8.50. ஃபில்டர் கழுவிப் போட்டது 9.20. இப்போது குளிர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மூன்று ஜூஸ், பில்லில் போட வேண்டாம். காலையில் கேட்கவும். பக்கத்து 11, 14 ஃபில்டர்களும் நாளைக்குக் கழுவ வேண்டும்."